இருபத்தொரு முழம் பூ

சைரன். முப்பத்திரெண்டாவது வாரம், நாலாவது நாள். மத்தியானம் ரெண்டு இருபது.

"லிஃப்டுல ஏறாத! படியில எறங்கு! செவத்தப் புடிச்சுக்க!" சரவணன் கத்துறாரு. என் வீட்டுக்காரர். ஆறு மாடி. வயித்தக் கையில தாங்கிக்கிட்டு எறங்குறேன். மூணாவது மாடியில மொத சத்தம். எங்க ஊரு இடி மாதிரி உருண்டு வரல. ஒரே அடி. பின்னாடியே கண்ணாடி உதிருது, ரொம்ப நேரம் உதிருது. உள்ள புள்ள ஒரு ஒதை விட்டுச்சு. அப்புறம் அசையல. பேஸ்மென்ட்டுல உக்காந்து மணி பாத்தேன். நாப்பது நிமிசம் அசையல. அவரு வயித்துல காத வச்சு, "இருக்கு, இருக்கு"ன்னாரு. அவருக்கு ஒண்ணும் கேட்டிருக்காது. பொய் சொல்லத் தெரியாத மனுசன்.

நாட்டுப் பேரு எதுக்கு. அங்கிட்டு, வளைகுடாவுல. அவரு துறைமுகத்துல கிரேன் ஓட்டுனாரு. என் பேரு அமுதா, ஊரு குளத்தூர். தேதி கேக்காதீங்க. புள்ளத்தாச்சிக்கு வாரந்தான் காலண்டர்.

மூணாம் நாள் ஒரு ஃப்ளைட் கெடைச்சுச்சு. எனக்கு மட்டும். அவருக்குக் கம்பெனி லீவு தரல. ஏர்போர்ட் வாசல்ல சொன்னாரு, "நீ போ. வலி வாரதுக்குள்ள வந்துருவேன்." நான் திரும்பிப் பாக்கல. பாத்தா அழுதுருவேன்னு பாக்கல. என்னத்தச் சொல்ல, பாத்திருக்கணும்.

தலைப்பிரசவம் தாய் வீட்டுல. அதான் வழக்கம். வீடு இருக்கு, தாய் இல்ல. அம்மா போயி ஆறு வருசம். அப்பா மட்டும். நெல்லும் கடலையும் தவிர ஒண்ணும் தெரியாத மனுசன். அவருதான் எனக்குப் பிரசவப் பை கட்டுனாரு. ஆதார் ஜெராக்ஸ், நர்சம்மா குடுத்த அட்டை, ஃபிளாஸ்க், ரெண்டு நைட்டி.

புள்ள பொறக்குமுன்ன புதுத்துணி வாங்கக் கூடாது. பழைய வேட்டியக் கிழிச்சுத்தான் வைக்கணும். சரவணனோட வேட்டி ரெண்டு என் பெட்டியில வந்திருந்துச்சு. அப்பா தொவச்சாரு. பழக்கதோசம், தன் வேட்டிக்குப் போடுற மாதிரி கஞ்சியும் போட்டுட்டாரு. ஒவ்வொரு துண்டும் அப்பளம் மாதிரி வெறச்சு நிக்குது.

"ஏம்ப்பா, புள்ள பொறக்கப் போகுதா, கட்சி மாநாட்டுக்குப் போகப் போகுதா?"ன்னேன். சிரிச்சாரு. அந்த வீட்டுல கடைசியாச் சிரிச்சது அன்னைக்குத்தான்.

முப்பத்தாறாவது வாரம், ரெண்டாவது நாள். காலையில பதினொண்ணு பத்து. போன்ல அவருக்கிட்ட இந்தக் கஞ்சிக் கதையச் சொல்லிக்கிட்டு இருக்கேன். கிரேன் மேல இருந்தாரு. காத்து எரையுது. அந்தச் சைரன், எனக்குத் தெரிஞ்ச அதே சைரன்.

"போன வை! எறங்குறேன்!"

ஒடனே வச்சேன்.

சாயங்காலம் அப்பா கையில எலைப் பொட்டலம். மல்லிகப்பூ. ஒரு முழம். அம்மாவுக்குக்கூட அவரு பூ வாங்கி நான் பாத்ததில்ல. "வச்சுக்க ஆத்தா"ன்னாரு. மூஞ்சியப் பாக்கல. துறைமுகத்துல வேல பாக்குறவங்கள எல்லாம் பாலைவனத்துல ஒரு கேம்ப்புக்கு மாத்திட்டாங்களாம். போன வாங்கி வச்சுக்கிட்டாங்களாம். கூட்டாளி ஒருத்தர் பேசுனாராம். நான் முட்டாளில்ல. நம்பணும்னு இருந்துச்சு, நம்புனேன்.

டிவி ரிப்பேராச்சு. பக்கத்து வீட்டு மதினி கொழம்பு கொண்டாந்து குடுக்குறவ, வரத்த நிறுத்திட்டா. தண்ணிக்குப் போனா பேச்சு நின்னு போகும். நர்சம்மா பிரஷர் பாப்பாங்க, என்னையப் பாக்க மாட்டாங்க. வெறுங்கையா ஓடியாந்தவளேன்னு எல்லாருக்கும் எளக்காரமான்னு மனசுக்குள்ள திட்டித் தீத்தேன். செவத்தோடயும் போனோடயும்தான் பேச்சு. தெனம் அவருக்கு மெசேஜ் பேசி அனுப்புவேன். புள்ள தலை திரும்பிருச்சு. கால் வீங்கிருச்சு. நீங்க எப்ப வாரீங்க. எல்லாத்துக்கும் ஒத்த டிக்கு. தெனம் சாயங்காலம் பூ மட்டும் தவறாது.

முப்பத்தெட்டாவது வாரம், மொத நாள். அறந்தாங்கிப் பக்கம் காதுகுத்துன்னு விடியக்காலம் கெளம்புன அப்பா, பொழுதுசாயத்தான் வந்தாரு. வீட்டுக்குள்ள வரல. மோட்டார் கொட்டாயில தலை முழுகிட்டு, ஈர வேட்டியோட வந்தாரு. அன்னைக்கும் கையில பூ இருந்துச்சு.

"கெடா விருந்துக்குப் போயிட்டு வயித்துப்புள்ளக்காரிக்கு ஒரு துண்டு கறி கொண்டார மனசு வரலயாக்கும்"னு வாய் கூசாமக் கேட்டேன். "மறந்துட்டேன் ஆத்தா"ன்னாரு. ராவு சாப்புடல. விருந்து தின்னவருக்கு எப்புடிப் பசிக்கும்னேன்.

முப்பத்தொம்பதாவது வாரம், ரெண்டாவது நாள். காலையில ஆறே கால். இடுப்பு புடிக்குது. அப்பா சீரகக் கசாயம் வச்சுக் குடுத்தாரு. பொய் வலின்னா அடங்கும், நெச வலின்னா கூடும். கூடுச்சு. ஆம்புலன்ஸ். புதுக்கோட்டை ஆஸ்பத்திரி. ஒவ்வொரு வலிக்கும் வாசலப் பாத்தேன். சொன்ன மனுசன் வந்துருவாருன்னு பாத்தேன். மூணு அஞ்சுக்குப் பொறந்தா. பொம்பளப் புள்ள. அழுதா. நாப்பது நிமிசம் அசையாம என்னைய மெரட்டுனவ, ஆஸ்பத்திரியே கேக்க அழுதா.

அப்பா உள்ள வந்தாரு. வெறுங்கை.

"பூ எங்கப்பா?"

கஞ்சி வச்ச துணியில சுத்துன புள்ளயத் தொட்டாரு. "இனிமே எப்புடி ஆத்தா வாங்குவேன்"னாரு.

புள்ளத்தாச்சிக்கிட்ட எழவு சொல்லக் கூடாது. அதான் எங்க பக்கத்து வழக்கம். ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாது. துறைமுகத்துல குண்டு விழுந்துச்சு, அவரு கிரேன் ஏணியில பாதி எறங்கியிருந்தாரு. பொட்டியில ஒடம்பு வந்துச்சு. அவரு ஊரு கட்டுமாவடியில வச்சு எரிச்சாங்க. அதான் அந்தக் காதுகுத்து. அப்பாவ வாய்க்கு வந்தபடி பேசுனேன். "ஒன்னையக் காப்பாத்தத்தான் ஆத்தா"ன்னு அழுதாரு. என்னையக் காப்பாத்திட்டீங்க. அவரு மொகத்த எனக்குக் காட்டலையே. இன்னும் மன்னிக்கல. ஒரே வீட்டுல இருக்கோம், சோறு போடுறேன், மன்னிக்கல.

எழுதி வச்சுக்குங்க. சரவணன், வயசு முப்பத்தொண்ணு. அந்தக் கிரேனுக்குக் கீழ நின்ன இன்னும் ரெண்டு பேரு. அவுக பேரு எனக்குத் தெரியாது, எங்கயோ அவுக வீட்டுலயும் பாத்துக்கிட்டு இருந்திருப்பாக. யாரும் கேக்காத மெசேஜ் அறுபத்துநாலு. பூ இருபத்தொரு முழம். நான் அழுதிருக்க வேண்டிய நாள் இருபத்தொண்ணு, அதையும் சேத்துக்குங்க. பாக்காத மொகம் ஒண்ணு.

வலி வாரதுக்குள்ள வந்துருவேன்னு சொன்னாரு. சொன்னபடி வந்தாரு. முப்பத்தெட்டாவது வாரமே வந்துட்டாரு. நாந்தான் போகல.