சாணைக்குப் போன கத்தி

இல்ல தம்பி, பையைக் கீழ வைங்க. அவன் உள்ள இன்னும் துணி மடிச்சுட்டுத்தான் இருக்கான். என் மகன் துணி மடிக்கிற வேகம் உங்களுக்குத் தெரியாததா? உக்காருங்க. டிவிக்கு எதிர்ல வேணாமா? சரி, இப்படித் திரும்பி உக்காருங்க. அணைச்சுத்தான் வச்சிருக்கேன்.

நாலு நாள் இருக்கறதா வந்துட்டு ரெண்டாம் நாளே கிளம்பறீங்க. ஓட்டல்ல கூப்பிட்டாங்களா? ம்... சமையல்காரருக்கு அவசரம் வரும்தான். ஆனா போன் அடிச்ச சத்தமே எனக்குக் கேக்கலியே.

நேத்து அந்தத் துப்பறியும் தொடர் பார்த்தோமே, அதனாலதானே? கொலைகாரனைக் காட்டினதும், ஆம்பளையோட குடித்தனம் பண்றான்னப்பவே எனக்குத் தெரியும்னு வாய்விட்டுச் சொன்னேன். என் வாய்க்குப் பூட்டுதான் போடணும். நீங்க எந்திரிச்சுப் போயி, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினீங்க. இவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. இன்னிக்கு இந்தப் படியிறங்கினா மறுபடி வருவானா, சொல்லுங்க?

இத்தனைக்கும், அதே தொடர்ல நம்ம நிறத்துல ஒருத்தன் வந்தா நான் சும்மா இருக்க மாட்டேன். வந்ததும் கைவிலங்கு மாட்டிடுவாங்க. எங்காளு ஒருத்தனாவது துப்பறிஞ்சிருக்கானாடான்னு டிவியைப் பார்த்துக் கத்துவேன். பக்கத்து வீட்டம்மா சுவத்தைத் தட்டுவாங்க. என் கூடப்பிறந்தவன் என்னைவிடக் கருப்பு. துணிக்கடைக்குள்ள நுழைஞ்சா காவலாளி பின்னாலயே வருவான். அதைப் பார்த்து வளர்ந்தவ நான். வலிச்சுது, கத்தினேன்.

நீங்களும் எங்க நிறம்தான். அதுக்குன்னா உங்க பக்கம் நின்னு தெருவே கூடற மாதிரி கத்தியிருப்பேன். நீங்களும் இவனும் சேர்ந்து வாழறீங்களே, அந்த விஷயத்துல மட்டும், டிவில காட்டினதையெல்லாம் அப்படியே முழுங்கிட்டேன். உங்கள மாதிரி இருக்கறவங்கன்னா ஒண்ணு பிணம், இல்ல கொலைகாரன். வேற மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததே கிடையாது. நீங்கதான் முதல்ல.

நீங்க வந்ததும் வராததுமா, இன்னிக்கு நான் சமைக்கறேம்மான்னு அடுப்படிக்குள்ள போனீங்க. கத்தி எங்கன்னு கேட்டீங்க. சாணை பிடிக்கக் குடுத்திருக்கேன்னேன். மூணுமான்னு இவன் கேட்டான். மூணும்தான்னேன். பீன்ஸைக் கையால ஒடிச்சு, பூண்டை டம்ளரால நசுக்கி... அட, வெங்காயத்தை விரலால பிச்சுப் போட்ட சமையல்காரரை நான் எங்க பார்த்திருக்கேன்! கண்ணைத் துடைச்சுக்கிட்டு, ஓட்டல்ல இப்படிப் பண்ணினா அடிச்சுத் துரத்திடுவாங்கம்மான்னு சிரிச்சீங்க. ருசியா வேற இருந்துச்சு. வெக்கமில்லாம ரெண்டாம் தரம் போட்டுக்கிட்டேன்.

இருங்க, எந்திரிக்காதீங்க. மன்னிப்பெல்லாம் எனக்குக் கேக்கத் தெரியாது. கேட்டாலும் உருப்படியா வராது. உருளைக்கிழங்கு இருக்கு, வெங்காயம் இருக்கு. இன்னிக்கு ஒழுங்கா நறுக்கிச் சமைங்க, நான் பக்கத்துலயே நிக்கறேன். சாப்பிட்டுட்டுப் போறதா இருந்தா போங்க.

கத்தியா? சாணைக்காரன் யாரும் வரல தம்பி. என் ரூமுக்குப் போயி தலகாணியைத் தூக்குங்க, மூணும் இருக்கும். நீங்களே எடுத்துக்கங்க. பார்த்து, பெரிய கத்திக்குக் கைப்பிடி கொஞ்சம் ஆடும்.