அருள் வந்த கால்கள்

— கண்ணை மூடுங்கோ, நாகையா.

— வேணாங்க டிரெஸரய்யா. மூடினா விழுந்துடுவேன்.

— நான் பிடிக்கிறன். ரெண்டு காலையும் சேர்த்து நில்லுங்கோ… சரி, பிடிச்சிட்டன். ஆஸ்பத்திரிக்கு வராமல் எத்தினை நாளாய் இப்பிடி இருந்தனீங்கள்?

— ரெண்டு வருஷமாங்க. அம்மன் முன்னால கண்ண மூடிக் கும்பிட்டேன், அப்படியே சாஞ்சுட்டேன். அருள் வந்துருச்சுன்னு பிரிக்பீல்ட்ஸ் ஊரே என்னைக் கும்பிடுது.

— உள்ளங்கால்ல என்ன புண்?

— போன மாசத் தீமிதிங்க. நடு நெருப்புல நின்னுட்டேனாம். எனக்குச் சுடவே இல்ல.

— ஊசியால குத்துறன். தெரியுதோ?

— எப்பக் குத்துவீங்க?

— குத்திப்போட்டன்.

— …பயமா இருக்குங்க, ஐயா.

— கால்ல மின்னல் மாதிரி வலி வெட்டுதோ?

— வெட்டுதுங்க. வாதம்னு என் பொஞ்சாதி வீரம்மாதான் எண்ணெய் தேச்சு விடுறா.

— இது வாதமும் இல்லை, அருளும் இல்லை. இளவயசில மறைவிடத்தில புண் வந்ததோ?

— மெதுவாப் பேசுங்க. அவ திரைக்கு அந்தாண்டதான் உக்காந்திருக்கா.

— வந்ததோ, இல்லையோ?

— கிள்ளான்ல தண்டவாள வேலை பாத்தப்போ. கல்யாணத்துக்கு முந்தி, ஒரே தடவதான். சூட்டுக்கட்டின்னாங்க. பாசார்க் கடையில வாங்கின மருந்தத் தடவினேன், ஆறிடுச்சு. முப்பது வருஷம் ஆச்சுங்களே.

— தோல்தான் ஆறினது. அது மேகப்புண், கூடாத சேர்க்கையால ஒட்டுற நோய். இவ்வளவு காலமும் உள்ளுக்க நரம்பை அரிச்சுக்கொண்டு இருந்திருக்கு. ரத்தம் எடுத்துப் பார்க்கவேணும். உங்கட மனுசிக்கும்.

— அவளுக்கு வேணாங்க. உங்க கால்ல விழறேன். தெரிஞ்சா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவகிட்ட சோறு வாங்கித் திம்பேன்?

— பிள்ளையள் எத்தினை?

— அஞ்சு. மூணு வயித்துலயே போச்சு. ரெண்டு பொறந்து ஒரு மாசங்கூடத் தங்கல.

— அதுவும் இதாலதான். உங்களிட்ட இருந்து அவவுக்கும் ஒட்டியிருக்கு.

— ஐயோ, சத்தமாச் சொல்லாதீங்க. எங்காத்தா அவளப் பிள்ளமுழுங்கி பிள்ளமுழுங்கின்னு ஏசியே கண்ண மூடுச்சு. நானும் ஏசியிருக்கேன். அந்தத் தோஷம் தீரணும்னு இருபத்தஞ்சு வருஷமாத் தீ மிதிக்கிறா. எனக்குத்தாங்க நெருப்பு சுடல. அவளுக்குச் சுடும். வருஷா வருஷம் கால் வெந்து…

— நாகையா, போதும். அங்கால பாருங்கோ. திரையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா.

— வீரம்மா… நீ எப்ப வந்த? என்னைப் பாரு, வீரம்மா.

— டிரெஸரய்யா, அப்ப என் அஞ்சு பிள்ளையையும் முழுங்கினது நான் இல்லீங்களா?