மந்திரித்த நாசகாரி

"ஜேர்மன்காரனே தாக்காத கப்பலை உம்மட சேர்ச் ஃபாதர் ஒரு நிமிசத்தில தாட்டுப்போட்டார்."

புரோசார்ட் நகருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் தன் மனைவியிடம் இதைச் சொன்னதும், நான் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துவிட்டேன். அவர் மடியில் ஒரு சப்பாத்துப் பெட்டி திறந்திருந்தது. உள்ளே பழைய பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல் ஒன்று, காகித மட்டையில் செய்த மாதிரி. நாலு புகைபோக்கிகளும் நிமிர்ந்து நின்றன. பின்பக்கம் மட்டும் தேத்தண்ணியில் ஊறிய பாண் போலக் கிடந்தது.

"வீடு மந்திரிக்க வந்தவருக்கு நான்தான் கப்பலையும் காட்டினனான். மன்னாரில புது வள்ளத்துக்குத் தீர்த்தம் தெளிக்காமல் ஆரும் கடலில இறக்கமாட்டினம்."

"அது மர வள்ளம். இது மட்டை. அதுக்கு இவ்வளவு தண்ணியோ?"

"அவருக்குத் தாராளமான கை."

"ரெண்டு வருசமா ஒட்டினனான். இண்டைக்குக் கண்காட்சி. இதைக் கொண்டுபோய் எப்பிடி வைக்கிறது?"

"பின்பக்கம் மட்டும்தானே போனது."

கணவரின் குரல் கொஞ்சம் இளகியது.

"முதலாம் உலகப் போரிலயும் ஒரு நாசகாரிக்கு இப்பிடித்தான் பின்பக்கம் போனது. இன்னொண்டுக்கு முன்பக்கம் போனது. மிஞ்சின ரெண்டையும் பொருத்தி வெள்ளைக்காரன் ஒரு கப்பலாக்கிப்போட்டான்."

மனைவி பெட்டியைப் பார்த்தபடி யோசித்தார்.

"அப்ப என்ன கவலை? நீங்கள் இன்னொண்டு செய்யுங்கோ. முன்பக்கத்துக்கு மட்டும் தெளிக்கச் சொல்லி நான் ஃபாதரிட்டைச் சொல்லுறன்."