விண்ணுக்குப் போகாத கிரீஸ்

“ஊர் உலகத்துக்கெல்லாம் கிரீஸ் போடறீங்க. நம்ம வீட்டு அலமாரிக் கதவு கீச்சுகீச்சுன்னு கத்துதே, அதுக்கு ஒரு பொட்டு வைக்கக் கூடாதா?” என்று ஒரு நாள் இவரிடம் கேட்டேன்.

“மெதுவாத் திற. கத்தாது,” என்றார் இவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

“ஆபீஸ்லேர்ந்து ஒரு துளி கொண்டுவந்தா என்னவாம்?”

“ஒரு துளியா? அந்த விலைக்கு அலமாரி என்ன, அலமாரிக் கடையையே வாங்கலாம்.”

விசாரணையில் குடும்பக் கதை வேண்டாம், நடந்ததை மட்டும் சொல் என்றீர்கள் ஐயா. எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றுதான். இவரும் பக்கத்தில் உட்காரட்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். இவர் இல்லாமல் எனக்குக் கோர்வையாகப் பேச வராது.

செயற்கைக்கோள் கட்டும் இடத்தில் நான் கிடங்குப் பொறுப்பாளர். இவர் அங்கேயே மூட்டுகளைப் பொருத்துகிறவர். கோளின் ஆண்டெனாக் கை மடங்கியபடி மேலே போகும். போன பிறகு விரிய வேண்டும். அது விரிகிற மூட்டில் கிரீஸ் வைப்பது இவர் வேலை. அந்த கிரீஸ், ஊசிமருந்துபோலச் சின்னச் சின்னக் குழாய்களில், என் கிடங்கில் இரட்டைப் பூட்டுக்குள் இருக்கும். என் தங்கச் சங்கிலியோ வீட்டில் பழைய சோப்புப் பெட்டியில் கிடக்கிறது.

புதிதாக வேலைக்கு வருகிற எல்லோரும் கேட்பார்கள், வெறும் கிரீஸுக்கு ஏன் இவ்வளவு விலை என்று. கேட்டால் போதும், இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். மேலே விண்ணில் காற்று இல்லை, சாதாரண கிரீஸ் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிவிடும். நிழலில் கல்லாக உறையும், வெயிலில் இளகி ஓடும். இந்த கிரீஸ் அப்படி எதுவும் ஆகாது. உலகத்தில் சில இடங்களில்தான் தயாரிக்கிறார்கள். தயாரித்ததை மாதக்கணக்கில் சோதிக்கிறார்கள். “விலை கிரீஸுக்கு இல்லப்பா. இன்னொரு தடவை போய்ப் போட முடியாதே, அதுக்குத்தான்” என்று முடிப்பார். அப்போது முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட அந்த மலர்ச்சி கிடையாது.

வண்டிக் கொட்டகை டிரைவர் அண்ணன் ஒரு முறை சிரித்துக்கொண்டே சொன்னார்: “அண்ணி, வீட்டுக்காரரைக் கொஞ்சம் கவனிங்க. அந்தக் குழாய்தான் அவருக்குச் சின்ன வீடு.”

“சின்ன வீட்டுச் சாவி என் இடுப்புலதானே இருக்கு,” என்றேன். அப்போது விளையாட்டாகத்தான் சொன்னேன்.

பிறகு இவருக்கு உத்தரவு வந்தது. கோள் மேலே போய்க் கை விரிந்ததும், அதைக் கண்காணிக்கக் கடலுக்கு அப்பால் ஒரு தீவு நிலையத்துக்கு இவர் போக வேண்டும். கோளின் ஆயுசு முடியும்வரை அங்கேதான். குடும்பத்துக்கு அங்கே இடமில்லை.

“என்னைத்தான் வேணும்னு கேட்டிருக்காங்க,” என்றார், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

“ரொம்ப சந்தோஷம்,” என்றேன். பரண்மேல் கிடந்த பெட்டியை இறக்கி நானே துடைத்து வைத்தேன்.

நான் ஆத்திரப்படுகிறவள் இல்லை. நிதானமாக யோசித்தேன். கை விரிந்தால் இவர் போக வேண்டும். விரியாவிட்டால் போக வேண்டாம்.

எங்கள் இடத்தில் ஒரு முறை உண்டு. காற்றில்லாத அறையில் வைத்துப் பார்க்கும் வெற்றிடச் சோதனை முடிந்ததும் மூட்டைத் துடைத்துவிட்டுப் புது கிரீஸ் வைப்பார்கள். அதற்குப் பிறகு வேறு சோதனை கிடையாது. வைக்கிறவர் மூட்டைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. குழாயின் மேலுறையைப் பிரித்து, ஒட்டியிருக்கும் சீட்டை உரக்கப் படித்து, கையில் கொடுக்க வேண்டியது கிடங்குக்காரர். அதாவது நான். புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக நிற்கக் கூடாது என்று யாரும் விதி போடவில்லை. எங்களை நம்பினார்கள். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

டிரைவர் அண்ணனிடம், லாரிச் சக்கரத்துக்குப் போடும் வெள்ளை கிரீஸில் கொஞ்சம் கேட்டேன். அலமாரிக் கதவுக்கு என்றேன். கொடுத்தார். ஆனால் கதவுக்கு அதைப் போடவில்லை. குழாயில் இருந்ததை வழித்து அலமாரிக் கீலில் வைத்தேன். அண்ணன் கொடுத்ததைக் குழாயில் நிரப்பினேன். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான். ஒரு துளிகூட வீணாக்கவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவு இப்போது மூச்சுக்கூட விடுவதில்லை. இவர் கவனிக்கவும் இல்லை. வீட்டில் எதைத்தான் கவனித்தார்?

மூட்டில் கிரீஸ் வைக்கும் அன்று நான் சீட்டைப் படித்து முடித்ததும், “சரிதானே?” என்றார் இவர்.

“சரிதான்,” என்றேன்.

கோள் மேலே போனது. அதன் கை பாதி விரிந்து நின்றுவிட்டது.

புயலைப் பார்ப்பதற்கான கோள் அது என்பது எனக்குத் தெரியும். பழைய கோள் ஒன்று மேலே இருக்கிறதே, சமாளித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். பழையதன் பார்வை மங்கிப் போயிருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அந்தப் பருவத்துப் புயலில் ஆழ்கடலுக்குப் போன படகுகளுக்கு நேரத்தோடு தகவல் போகவில்லை. கரையில் காத்து நின்ற பெண்களைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பாவமாகத்தான் இருந்தது. எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டு வந்து, இவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

இவர் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு வீட்டோடு இருந்தார். மாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நான் அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொள்வேன். கல்யாணமான நாளிலிருந்து இவர் கையை இவ்வளவு நேரம் நான் பிடித்திருந்ததில்லை. நல்ல நாட்கள் ஐயா அவை.

அப்படியே இருந்திருப்போம். போன வாரம் உங்கள் குழு, வைத்தவரின் கை நடுங்கியிருக்கலாம் என்று முடிவு கட்டியது. இவரும் “இருக்கும்” என்று தலையாட்டிவிட்டு வந்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டில் ஊசியில் நூல் கோப்பதே இவர்தான். என் புருஷன் கையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லக் கூடாது. அதற்காகத்தான் வந்தேன். குழாயை மாற்றியது நான். இவருக்கு எதுவும் தெரியாது.

என்ன கேட்டீர்கள்? போக வேண்டாம் என்று இவரிடம் ஒரு தடவையாவது சொன்னேனா என்றா?

இல்லை. வாய்விட்டுக் கேட்டுத்தான் தெரிய வேண்டுமா, அதெல்லாம்? அதோடு, நான் கேட்டு, இவரும் சரி என்று தங்கிவிட்டால், புருஷனின் முன்னேற்றத்தைக் கெடுத்தவள் என்ற பெயர் வந்துவிடும். நான் அந்த மாதிரிப் பெண் இல்லை ஐயா.

ஒரு நிமிஷம் ஐயா, இவர் எழுந்துவிட்டார். இன்னும் முடியலை, உட்காருங்க. நான் கையெழுத்து வேற போடணும். அப்படிப் பார்க்காதீங்க, டிவியில அந்தப் பெண்களைப் பார்த்தீங்களே, அதே பார்வை. கதவைத் திறக்காதீங்க.

என்னங்க. போகாதீங்க. என்கூடவே இருந்துடுங்க.