மூட்டைப்பூச்சி விசா

— இறக்கையே கிடையாது சார். மூட்டைப்பூச்சி பறக்காது.

— பறக்காதா? ஒரு லாட்ஜ்ல படுத்திருந்தப்ப என் கண்ணு முன்னாடி பறந்துச்சேம்மா.

— அது வேற ஏதாவதா இருந்திருக்கும். நாளைக்குக் காலைல விசா ஆபீசர் முன்னாடி பறக்குதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. மூட்டைப்பூச்சியைப் பத்தி வந்த பத்தொம்பது பேப்பர்லயும் முதல் பேரு உங்க பேருதான்.

— இந்தாம்மா பூச்சி, எனக்கே ஜுவாலஜி சொல்லித் தர்றியா? நான் இந்தக் காலேஜ்ல வேலைக்குச் சேர்ந்தப்ப நீ ஸ்லேட்டைத் தூக்கிட்டு அலைஞ்சிருப்ப. புரியுதா?

— புரியுது சார். நீங்கதான் கூப்பிட்டு அனுப்பினீங்க. ‘என்னோட ஆராய்ச்சி என்னன்னு ஒரு மணி நேரத்துல எனக்குச் சொல்லிட்டுப் போ’ன்னு.

— சும்மா ஞாபகப்படுத்திக்கத்தான். துறைத்தலைவருக்கு ஆயிரம் ஜோலி. உன்னை மாதிரி நாள் முழுக்க ஜாடிக்குள்ள மூஞ்சியை வெச்சுக்கிட்டு உக்கார முடியுமா?

— முடியாதுதான். எந்திரிங்க சார்.

— எதுக்கு?

— நான்தான் விசா ஆபீசர். இந்த மேஜைதான் கவுண்டர். நீங்க அந்தப் பக்கம் நிக்கறீங்க.

— நிக்கணுமா? ஒரு டிபார்ட்மென்ட் தலைவருக்கு நாற்காலி போட மாட்டானா அவன்?

— யாருக்கும் போட மாட்டாங்க. ஜன்னல் மாதிரி ஒரு கண்ணாடி, அதுல ஒரு ஓட்டை, அவ்வளவுதான். குனிஞ்சு பேசணும். ம், குனிங்க.

— என்னம்மா அதட்டற?

— ஆபீசர் அதட்டுவார் சார். இன்னைக்கே பழகிக்கிட்டா நாளைக்கு வலிக்காது. எதுக்குப் போறீங்க?

— உலகளாவிய அறிவுப் பரிமாற்றத்தின் வாயிலாக, நமது கல்லூரியின் பெருமையைக் கடல் கடந்து…

— நிறுத்துங்க. அது வழியனுப்பு விழாவுல பேசினது. உங்களுக்குப் பின்னாடி எரநூறு பேர் நிக்கறாங்க. ‘மூட்டைப்பூச்சிக்கு மருந்து ஏன் ஏற மாட்டேங்குதுன்னு ஆராய்ச்சி பண்ணப் போறேன். ரெண்டு வருஷம். என்னைக் கூப்பிட்ட யுனிவர்சிட்டி லேப்ல.’ சொல்லுங்க.

— இது என்ன, ஒண்ணாங்கிளாஸ் பையன் ஒப்பிக்கிற மாதிரி இருக்கு.

— அது போதும். உங்களால முடியும். அடுத்தது. நீங்க என்ன கண்டுபிடிச்சிருக்கீங்க?

— அதாவது… இந்த மூட்டைப்பூச்சிங்கறது… ராத்திரில கடிக்குது.

— அதைக் கண்டுபிடிக்கப் பாய் போதும் சார், யுனிவர்சிட்டி வேணாம். சில மூட்டைப்பூச்சிக்கு மேல்தோலு தடிமனா ஆயிடுது. மருந்து அடிச்சா உள்ள எறங்கறதுக்கே ரொம்ப நேரம் ஆகுது. அதுக்குள்ள அது சுதாரிச்சுக்குது. நம்ம கண்டுபிடிப்பு இதுதான்.

— தோலு தடிமன். அடடே, சுலபமாத்தான் இருக்கு.

— உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுக்குச் சாப்பாடு எங்க இருந்து வருது?

— அட்டெண்டர் போடுவான்.

— சார், அது ரத்தம் குடிக்கிற பூச்சி. அட்டெண்டர் தட்டுல போட முடியாது. ஜாடி வாயில மெல்லிசா துணி கட்டணும். கையில கவுத்து வெக்கணும். துணி வழியா மூக்கை விட்டுக் குடிக்கும். பத்து நிமிஷம். வாரத்துக்கு ஒரு தரம். இங்க பாருங்க.

— சீ, கையை மூடும்மா! அதென்ன, வட்ட வட்டமா? இப்பத்தான் டீ குடிச்சேன். இதனாலதான் ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தரும் உன் பக்கத்துல உக்காந்து சாப்பிடறதில்ல, தெரியுமா?

— தெரியும். பதினோரு வருஷமா தெரியும்.

— என்னத்த பெரிய ஆராய்ச்சி! நசுக்கி எறிய வேண்டியதைக் கையைக் குடுத்து வளக்கற. நான் அங்க போயி இந்த அசிங்கமெல்லாம் பண்ண மாட்டேன். நான் லெக்சர் குடுப்பேன். புரியுதா?

— சரி சார். அதை மட்டும் ஆபீசர்கிட்ட சொல்லாதீங்க. யாரு தீனி வெக்கறதுன்னு கேட்டா ‘நான்தான்’னு சொல்லுங்க. கையைக் காட்டச் சொல்ல மாட்டாங்க.

— உனக்கு உள்ளுக்குள்ள ஒரு குமைச்சல். எனக்குத் தெரியுது. உன் பேரைப் பின்னாடி போட்டேன்னு. இது நான் வெச்ச சட்டமாம்மா? இந்த டிபார்ட்மென்ட்ல இருந்து எந்தப் பேப்பர் போனாலும் தலைவர் பேரு முன்னாடி. எனக்கு முன்னால இருந்த பெரியவர் பேரைப் பன்னெண்டு வருஷம் நான் தூக்கிச் சுமந்தேன். அந்தாளுக்கு என் பேப்பரோட தலைப்பைக்கூட ஒழுங்கா வாசிக்கத் தெரியாது. மேடையில திக்குவான். எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியும்.

— அப்புறம்?

— அப்புறம் என்ன? அவரு ரிட்டயர் ஆனாரு. நான் உக்காந்தேன். நீயும் ஒருநாள் உக்காருவ. அன்னைக்கு எவன் தலையிலயாவது உன் பேரை ஏத்து. யாரு வேணாங்கறா?

— எனக்கும் எரியுது சார். சொல்லிட்டேன். அடுத்த கேள்விக்குப் போலாமா?

— ஐயா, உள்ள வரலாமா?

— வாய்யா கிளார்க்கு. என்ன, கையில ஒரு கத்தை?

— நோ அப்ஜெக்‌ஷன் லெட்டர் வந்துடுச்சுங்கய்யா, பிரின்சிபால் கையெழுத்தோட. விசா ஃபாரத்துல போட்டோ ஒட்டியாச்சு. ஆனா ஒரு சின்ன சந்தேகம். இந்த போட்டோவுல இருக்கறது உங்க தம்பிங்களா?

— நான்தான்யா அது.

— முடியெல்லாம் கருகருன்னு இருக்கே, அதான் கேட்டேன்.

— சார், அது வேணாம். ஆறு மாசத்துக்குள்ள எடுத்த போட்டோவா இருக்கணும். காது ரெண்டும் தெரியணும். ஆளும் போட்டோவும் வேற மாதிரி இருந்தா ஜன்னல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. இப்பவே போய் எடுத்துடுங்க.

— பாத்தியாய்யா? என்னை அனுப்பறதுல என் பொண்டாட்டியைவிட இவளுக்கு அவசரம்.

— அதைத்தான் நானும் பாக்கறேங்கய்யா. இன்னொரு லெட்டர் இருக்கு. பொறுப்பு ஒப்படைக்கிறது. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் லேப் சாவி யார்கிட்டன்னு எழுதணும். எடத்தைக் காலியா விட்டிருக்கேன்.

— தவளைக்காரன் பேரைப் போடு.

— தவளை சாருக்கா? அவரு லேப்புக்குள்ள போயே நாலு வருஷம் ஆச்சே.

— அதனாலதான். அந்த ரூமைக் கழுவி விட்டுட்டு, ஸ்டாஃபுக்குக் கேரம் போர்டு போடணும்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கான். நல்லா காத்து வர்ற ரூம். எதுக்குப் பூச்சிக்குக் குடுத்து வெச்சிருக்கோம்?

— கழுவி விட்டுன்னா, சார்?

— பினாயில் ஊத்திக் கழுவறதும்மா. வேற எப்படிக் கழுவுவாங்க?

— முப்பத்தாறு ஜாடி இருக்கு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஊரு. ஹாஸ்டலு, ஆஸ்பத்திரி, சினிமாக் கொட்டாய், ரயில் பெட்டின்னு தேடித் தேடிப் புடிச்சு, தனித்தனி வம்சமா வளத்தது. ஒரு தடவை போச்சுன்னா போனதுதான். திரும்பப் புடிக்க முடியாது.

— மூட்டைப்பூச்சிக்கா பஞ்சம்? எங்க வீட்டுக் கட்டில்ல வந்து புடிச்சுக்கோ.

— அப்ப நான் கிளம்பறேன் சார்.

— எங்க கிளம்பற? இன்னும் கேள்வி முடியலையே.

— நீங்க மூணு கேள்விதான் தாண்டியிருக்கீங்க. மிச்சத்தை நீங்களே பாத்துக்குங்க. பத்தொம்பது பேப்பரும் லைப்ரரில இருக்கு. நாளைக்கு ஒம்பதரைக்குத்தானே இன்டர்வியூ, புரட்டிப் பாக்க நேரம் இருக்கு. இல்லன்னா தவளை சார்கிட்ட கேளுங்க.

— மிரட்டறியா?

— இல்ல சார். சாவி லெட்டர்ல என் பேரைப் போடுங்க. நான் உக்காந்து சொல்லித் தர்றேன். இங்க இருந்து நீங்க வீட்டுக்குப் போறதுக்குள்ள தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வீங்க.

— கிளார்க்கு, பாத்துக்கிட்டியா? என் ரூம்ல நின்னுக்கிட்டு என்கிட்டயே பேரம் பேசுது பூச்சி.

— நான் எதையும் பாக்கலைங்கய்யா. ஆனா ஒண்ணு. ஊரைக் கூட்டி மாலை போட்டு, ஃபிளெக்ஸ் வெச்சு, சால்வை போத்தி வழியனுப்பு விழா நடத்திட்டோம். விசா இல்லன்னு திரும்பி வந்தீங்கன்னா, அந்த ஃபிளெக்ஸை நான்தான் ஏணி போட்டு ஏறிக் கழட்டணும்.

— வாயைக் கழுவுய்யா. சரி, தொலையட்டும். அவ பேரையே எழுது. மொத்தமும் மூட்டைப்பூச்சிதானே, அவளே கட்டி அழட்டும். எங்க கையெழுத்து?

— இங்க, இங்க, அப்புறம் இந்தக் கடைசிப் பக்கத்துல.

— இந்தா. படிச்சுக்கூடப் பாக்கல. போதுமா உனக்கு?

— போதும் சார். நில்லுங்க. குனிங்க. ஏன் உங்களைக் கூப்பிட்டிருக்காங்க?

— தோலு தடிமன்.

— ரெண்டு வருஷம் கழிச்சு அங்கயே தங்கிட மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்? இதைத்தான் அவங்க குடைஞ்சு கேப்பாங்க.

— நான் இல்லன்னா இந்த டிபார்ட்மென்ட்டே இல்ல.

— அதை அவரு நம்ப மாட்டாரு. இங்க யாரு உங்களை எதிர்பாத்துக்கிட்டு இருக்காங்க?

— யாருன்னா… பொண்டாட்டி, பொண்ணு வீட்டோட போயிட்டா. பையன் போன் பண்ணா எடுக்கறதில்ல. டிபார்ட்மென்ட்டுல நீங்க எல்லாம்… கிளார்க்கு, நீ எதிர்பாக்க மாட்டியாய்யா?

— நானு அடுத்த மாசம் டிரான்ஸ்ஃபருங்கய்யா.

— என்னம்மா, ஒரு வார்த்தை சொல்லக்கூட ஆள் இல்லையா எனக்கு?

— இருக்கு சார். ‘எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் நாலு மாசம் இருக்கு. கடைசி நாலு மாசம் வந்து வேலை பாத்தாத்தான் பென்ஷன் முழுசா வரும்’னு சொல்லுங்க. அதை எந்த நாட்டு ஆபீசரும் நம்புவார்.

— பென்ஷன். ம். இத்தனை வருஷ சர்வீசுக்கு இதான் மிச்சமா… சரி விடு. இன்னொரு தரம் முதல்ல இருந்து கேளு.

— எதுக்குப் போறீங்க?

— மூட்டைப்பூச்சிக்கு மருந்து ஏன் ஏறலன்னு பாக்க. ரெண்டு வருஷம். அவங்க லேப்ல.

— யாரு தீனி வெக்கறது?

— நான்தான். துணி கட்டி, ஜாடியைக் கையில கவுத்து, பத்து நிமிஷம்.

— பறக்குமா?

— பறக்காது. இறக்கையே கிடையாது. இதெல்லாம் ஒரு கேள்வியா?

— அருமை சார். இதே திமிரோட சொல்லுங்க, உடனே முத்திரை குத்திடுவாங்க.

— பாத்தியா, அரை மணில நான் நிபுணன். பதினோரு வருஷம் உனக்கு எதுக்கு ஆச்சுன்னே தெரியல. மூளை வேணும்மா. புரியுதா? சரி, நான் போட்டோ கடைக்குப் போறேன். லைட்டை அணைச்சுட்டுப் போங்க.

— போயிட்டாரா?

— படி எறங்கிட்டார் மேடம். இப்பவாவது சொல்லுங்க. எதையாவது தப்பா சொல்லிக் குடுத்து மாட்டிவிட்டிருக்கீங்கதானே?

— இல்ல. ஒரு எழுத்துகூடத் தப்பு இல்ல. அவருக்கு விசா கிடைச்சாகணும். கிடைக்கலன்னா நான் செத்தேன்.

— என்ன மேடம் இது! கையைக் கடிக்கவிட்டது நீங்க, எழுதினது நீங்க. ஃபிளைட்டு ஏறப்போறது இந்த மனுஷன். தட்டித் தூக்கிட்டுப் போறாரேன்னு ஒரு சொட்டு ஆத்திரம் வரலையா?

— அதைவிடப் பெருசா வந்தது ஒண்ணு. நானே ஏறிப் போயிருந்தா, ரெண்டு வருஷத்துல இங்க பினாயில் ஊத்திக் கேரம் போர்டு போட்டிருப்பார். நான் திரும்பி வந்து அதே ஆளுக்கு முன்னாடி வெறும் கையோட நின்னிருப்பேன்.

— அது வாஸ்தவம். ஆனா அந்த வெளிநாட்டுக்காரனுக்காவது புத்தி வேணாமா? கேக்காம கொள்ளாம, எவ்வளவோ பேர் இருக்க இவரைப் போய் வருந்தி வருந்திக் கூப்பிட்டிருக்கானே. விழாவுல அழுதுக்கிட்டே சொன்னாரே, ‘நான் விண்ணப்பமே போடல, உலகம் தானா என்னைத் தேடி வந்துச்சு’ன்னு.

— மூணு வருஷமா, நீட்டின எடத்துல எல்லாம் கையெழுத்து வாங்கி, பதினாலு யுனிவர்சிட்டிக்கு அவர் பேர்ல நான்தான் விண்ணப்பம் போட்டேன். பதிமூணு எடத்துல விவரமான ஆளுங்க இருந்துட்டாங்க.