கால் மரத்த காலையில் நான் கேட்காத கேள்வி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓட்டுநர் சங்கத் தலைவர் லஸ்ஹர் அவர்களே! பாறை பிளந்து, புழுதி விழுங்கி, பூமிக்குள் புதைந்த பாஸ்பேட்டைப் பகலவன் பார்க்க எடுத்துக் கொடுத்த மூத்த தோழர்களே! குனிய முடியாத கணவருக்குக் காலுறை மாட்டி, காலணிக் கயிறு கட்டி, வேலைக்கு அனுப்பிவைக்கும் தாய்மார்களே! நாற்காலி காலியாக இருந்தும் உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்து நிற்கும் என் சகோதரர்களே! உங்கள் அனைவர் மீதும் சாந்தி உண்டாகட்டும்!

என் பெயர் நஸீஹா. மலைமேல் இருக்கும் சுரங்க மருந்தகத்தில் பதினாறு ஆண்டுகள் நர்ஸாக இருந்தேன். இன்று இல்லை. நான் வாழ்த்துரை வழங்க வரவில்லை. வாக்குமூலம் கொடுக்க வந்திருக்கிறேன்.

என்ன தோழரே? சத்தம் போதவில்லையா? ஒலிபெருக்கியைக் கொஞ்சம் கூட்டுங்கள். இது முணுமுணுத்து முடிக்கிற பேச்சு அல்ல.

உலகிலே மனிதரை அதிகமாக முடக்கிப்போடும் நோய் எது? இதயமா? புற்றா? கொள்ளைக் காய்ச்சலா? இல்லை, இல்லை! இடுப்புக்கு மேலே, ஒரு சாண் அகலத்தில் உட்கார்ந்திருக்கும் வலி! அறுபது கோடிப் பேருக்கு மேல் அந்த வலியோடு எழுந்து, அந்த வலியோடு படுக்கிறார்கள். எலும்புக்கு எலும்பு இடையில் மெத்தைபோல் இருக்கும் தட்டு தேய்கிறது, வறள்கிறது, பிதுங்குகிறது, நரம்பை நசுக்குகிறது. அந்த அறுபது கோடியில் ஒருவர்தான் நம் திஜானி.

திஜானியைத் தெரியாதவர் இங்கே யார்? பத்தொன்பது ஆண்டுகள் டிப்பர் ஓட்டியவர். ஸ்பிரிங் செத்த சீட்டிலே, செம்மண் பாதையிலே, அதிர்ந்து அதிர்ந்து, அடிமுதுகு உதிர்ந்து உதிர்ந்து, நாளுக்குப் பன்னிரண்டு நடை! பின்னால் நகரத்து மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தபோது கடைசி இரண்டு தட்டும் தேய்ந்திருந்தன. அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

குளிர்காலத் தொடக்கத்தில் என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, ஒரு ஊசி போடு. ஏட்டுல மட்டும் எழுதிடாதே.”

“எழுதாம எப்படிண்ணே போடறது?”

“மூணு தடவை முதுகுவலின்னு ஏறிச்சுன்னா வண்டியப் புடுங்கிடுவானுங்க. கன்வேயர்ல சிந்துறத அள்ளச் சொல்லுவானுங்க. முதுகு போனவன் கையில மண்வெட்டி! நீயே சொல்லு, இதுக்கு நான் செத்தே போகலாமில்ல?”

எண்ணிப் பாருங்கள். உட்கார முடியாதவனுக்கு மண்வெட்டி! குனிய முடியாதவனுக்குக் குப்பை! இந்த நீதியை எந்த நாட்டில் கண்டீர்கள்? எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. ஊசி போட்டேன். எழுதவில்லை. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் பதினோரு ஊசி. ஏட்டிலே ஒன்றுகூட இல்லை.

யார் அது, நடு வரிசையிலிருந்து? “நீயும் கம்பெனி ஆளுதானே, உனக்கென்ன?” என்கிறீர்களா? கேளுங்கள், கேளுங்கள். நானும் இரவெல்லாம் என்னை அப்படித்தான் கேட்கிறேன். இரக்கத்தால் செய்தேன் என்று சொன்னால் இனிப்பாக இருக்கும். ஆனால் எழுதாமல் விட்டது எனக்கும் எளிதாக இருந்தது. எழுதினால் மேலதிகாரிக்கு விளக்கம் சொல்ல வேண்டும். அதிலிருந்து தப்பித்தேன்.

பிறகு வந்தது அந்தப் புதன்கிழமை.

காலை ஏழரை மணி. மருந்தக வாசலில் ஆறேழு பேர். திஜானி கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். முகத்திலே சிரிப்பு.

“இன்னைக்கு வலி விட்ருச்சு தங்கச்சி. வலது கால்தான் மரத்த மாதிரி இருக்கு.”

“வலி விட்டா நல்லதுதானேண்ணே!”

நல்லது என்றேன்! வலி போனால் நோய் போயிற்று என்று நினைத்தேன். நர்ஸ் நான், நம்பினேன்! நரம்பு நசுங்கி, நசுங்கி, இனிக் கத்தவும் வலுவில்லாமல் வாயடைத்துப் போனால்கூட வலி விடும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை. அவர் உடனே போகவில்லை. கதவருகே நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

வரிசையிலிருந்து ஒரு குரல்: “என்ன திஜானி, நர்ஸம்மாகிட்ட மாப்பிள்ளை பேச்சா? வண்டி நிக்குதுய்யா!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் போய்விட்டார்.

பத்து மணிக்கு நிறைந்த லோடோடு இறக்கத்தில் இறங்குகிறார். வளைவுக்குக் கீழே, கழுவும் ஆலைக்குப் போகும் முப்பது பெண்களை ஏற்றிக்கொண்டு ஷிப்ட் பஸ் மேலே ஏறி வருகிறது. பிரேக்கை மிதிக்கிறார். மிதித்தாரா? தெரியவில்லை. கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை! குனிந்து பார்க்கிறார். கால் பெடலின் மேல் இல்லை, பக்கத்தில் கிடக்கிறது. அவருடைய கால், அவர் சொல் கேட்காத கால்! வண்டி வேகமெடுக்கிறது. இடது கையில் ஸ்டியரிங். வலது கையால் தன் தொடையைப் பிடித்துத் தூக்கிப் பெடலின்மேல் போடுகிறார். அழுத்துகிறார், கையாலே முழங்காலை அழுத்துகிறார்! வண்டி அடங்கவில்லை. காலை விட்டுவிட்டு வயர்லெஸ்ஸைப் பிடிக்கிறார்.

“பஸ்ஸு, ஒதுங்கு! நான் மலைப் பக்கம் போறேன். நீ பள்ளத்துப் பக்கம் ஒதுங்கு! ஒதுங்குடா!”

பஸ் ஒதுங்கியது. திஜானி ஸ்டியரிங்கை ஒடித்தார். பாதையோரம் கொட்டிக் கிடந்த கழிவு மண்மேட்டுக்குள் டிப்பர் மூக்கைப் புதைத்து, சாய்ந்து, நின்றது. முப்பது பெண்களுக்கும் ஒரு கீறல் இல்லை!

கை தட்டாதீர்கள். இன்னும் முடியவில்லை.

நான் ஆம்புலன்ஸோடு போய்ச் சேர்ந்தபோது போர்மேன் கத்திக்கொண்டிருந்தார்: “தூங்கிட்டியாடா? இறங்குடா கீழே!” திஜானி இறங்கவில்லை. இறங்க முடியவில்லை. என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் காலை ஏழரைக்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என் நாக்கில் ஏறியது. எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னேன்.

“அண்ணே, கடைசியா எப்ப ஒன்னுக்குப் போனீங்க?”

அவர் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது.

“அண்ணே, என் முகத்தைப் பாக்க வேணாம். சொல்லுங்க.”

“நேத்து சாயங்காலம்,” என்றார். “வரவே மாட்டேங்குது தங்கச்சி. அந்த இடமெல்லாம் உணர்ச்சியே இல்ல. காலையில சொல்லத்தான் நின்னேன். பொம்பளப் புள்ளகிட்ட எப்படிச் சொல்றது?”

தோழர்களே, கால் மரத்து, தொடையிடுக்கு மரத்து, சிறுநீர் நின்றுபோனால் அது மாத்திரைக்கான நேரமில்லை. மணிகளை எண்ணி ஓடுகிற நேரம்! நகரத்து மருத்துவமனைக்கு மூன்று மணி நேரம் ஓடினோம். மாலையில் அறுவை சிகிச்சை நடந்தது. நடை திரும்பியது, வலது பாதம் இழுக்கிறது. சிறுநீருக்கு இன்றும் குழாய்தான். “காலைலயே வந்திருந்தா முழுசாத் தேறியிருப்பாரும்மா” என்றார் டாக்டர். அந்தச் சொல் என் நெஞ்சிலே கிடக்கிறது.

விசாரணையில் என்ன எழுதினார்கள்? “லோடு ஓட்டும்போது தூங்கினார்.” என்னைக் கூப்பிட்டார்கள்.

“அவருக்கு முதுகுவலின்னு ஏட்டுல ஒரு வரி இல்லையேம்மா?”

“நான் எழுதல சார். பதினோரு ஊசி போட்டேன், எழுதல. அது என் தப்பு. அவர் தூங்கினாருன்றது பொய்.”

பஸ் ஓட்டியவர் எழுந்தார். “தூங்குறவன் ஒதுங்கு ஒதுங்குன்னு கத்துவானா சார்? அந்தக் குரலாலதான் நான் உயிரோட நிக்கிறேன்.”

“தூங்கினார்” என்ற சொல் அடித்து நீக்கப்பட்டது. மருந்தகச் சாவி என்னிடமிருந்து வாங்கப்பட்டது. வருந்தவில்லை.

முந்தாநாள் திஜானி வீட்டுக்குப் போனேன். “மேடையில எல்லாத்தையும் சொல்லலாமாண்ணே?” அவர் தலை குனிந்தார். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி மொன்ஜியாதான் பேசினார். “சொல்லு நஸீஹா. ஒளிக்காமச் சொல்லு. கட்டின பொண்டாட்டி என்கிட்டயே ராத்திரி முழுக்க மறைச்ச மனுசன் இவரு. வெக்கம் பாத்து வெக்கம் பாத்து இந்த ஊருல இன்னும் எத்தனை பேருக்குக் குழாய் மாட்டப் போறோம்?”

திஜானி நிமிர்ந்து சொன்னார்: “சொல்லிடு. என் பேரையும் சொல்லு.”

நாளை நம் தலைவர் நிர்வாகத்தோடு பேச உட்காருகிறார். நல்ல சீட்டு கேட்கப்போகிறோம். முதுகுவலியைச் சொன்னவனுக்கு மண்வெட்டி கூடாது என்று கேட்கப்போகிறோம். ஆனால் “எத்தனை பேருக்கு வலி?” என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் தலைவர் என்ன சொல்வார்? ஏடு காலி! எழுதாத என்னாலும் காலி, சொல்லாத உங்களாலும் காலி!

ஆகவே இன்று கேட்கிறேன். ஊர் முன்னால், உங்கள் மனைவியர் முன்னால் உரக்கக் கேட்கிறேன். கால் மரத்துப்போகிறவர் யார்? ஊசியை மறைத்து மறைத்துப் போட்டுக்கொண்டு வண்டி ஏறுகிறவர் யார்? கையைத் தூக்குங்கள்!

ஒருவருமே இல்லையா?

காத்திருக்கிறேன்.

அதோ... ஒரு கை. நன்றி அண்ணே. அங்கே இரண்டு. சகோதரி, உங்கள் கணவர் தூக்கவில்லை, நீங்கள் தூக்குகிறீர்கள், தூக்குங்கள், தவறில்லை! ஐந்து, ஒன்பது... தலைவர் அவர்களே, நீங்களுமா? உங்கள் பெயரையும் எழுதிக்கொள்கிறேன்.

இறக்காதீர்கள். எழுதி முடிக்கும்வரை ஒரு கையும் இறங்க வேண்டாம். இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்தமைக்கு நன்றி. பொறுக்காமல் குறுக்கே கேட்டவருக்கு இருமடங்கு நன்றி. இறைவன் உங்களை நிமிர்ந்து நடக்க வைப்பானாக. ஸலாம்!