எழுப்பாமல் விட்டார்கள்

ஷேர் ஆட்டோ கவிழ்கிறது. புளியங்குடி ரோடு. நல்ல வெயில். "ஏலே, லாரி வருதுலே! ஒதுங்கு!" கத்தியது என் அண்ணன். கிரீச். தகரம் நசுங்கும் சத்தம். அவர் தலை கம்பியில் இடித்தது. டொக். அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

நாங்கள் மூன்று பேர். டிரைவர், அண்ணன், நான். டிரைவர் இளவட்டம். அண்ணனுக்கு எழுபத்தாறு வயது. நான் அவருக்கு நேர் இளையவள். சங்கரன்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். டிரைவருக்குக் கால் முறிவு. கட்டிடம் அதிர அலறுகிறான். எல்லோரும் அவனிடம் ஓடுகிறார்கள். அண்ணன் சத்தம் காட்டவில்லை. நெற்றியில் சின்ன வீக்கம், அவ்வளவுதான். பிரஷர் பார்த்தார்கள். நார்மலாம். ஓரத்துக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுப் போனார்கள்.

எனக்குத் தெரியும். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் அவர். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். தலையில் அடிபட்டால் உள்ளே ரத்தம் கசியும், உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று ஸ்டென்ட் வைத்த டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். பக்கத்தில் நின்று கேட்டவள் நான். இப்போது பக்கத்துக் கட்டிலில் விலா முறிந்து கிடக்கிறேன். எழும்ப முடியவில்லை. வாய்தான் மிச்சம்.

"ரத்தம் உறையாத மாத்திரை திங்காவ! தலைய ஸ்கேன் எடுங்க!"

"ஆச்சி, பதறாதீய. பயத்துல அப்படித்தான் தோணும்," என்றாள் நர்ஸ்.

பயமாம். கிழவி புலம்புகிறாள் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

வாசுதேவநல்லூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். அண்ணன் கண்ணை மூடியிருந்தார். எங்கள் வீடுகளில் பெரியவர்கள் தூங்கினால் யாரும் எழுப்ப மாட்டார்கள். தேடி வந்தவரைக்கூட வாசலில் உட்காரவைப்போம். அந்த மரியாதையை ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி துண்டால் விசிறுகிறாள். என் மகன் ஃபேனைக் கூட்டி வைக்கிறான்.

"தட்டுலே! மாமாவத் தட்டி எழுப்புலே!"

"சும்மா இரும்மா. மாமா இப்பதான் அசந்து தூங்குதாவ."

குறட்டை கேட்டது. இழுத்து இழுத்து வந்தது. அண்ணன் குறட்டை விடுகிற ஆளே இல்லை. நல்ல தூக்கம் என்று சொல்லிக்கொண்டார்கள். என் தலைமாட்டில் வைத்திருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே தள்ளிவிட்டேன். அந்தச் சத்தத்துக்குத்தான் டாக்டர் வந்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கண்ணில் கருமணி அகலமாய் விரிந்திருந்தது.

"திருநெல்வேலிக்கு! ஆம்புலன்ஸ எடுங்க!"

அதற்குப் பிறகு எல்லோரும் ஓடினார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதே குறட்டை நின்றுவிட்டது.

டிரைவர் இப்போது நடக்கிறான். நன்றாக இருக்கட்டும். என் விலாவும் கூடிவிட்டது. லாரி மோதி அண்ணன் செத்தார் என்று ஊரில் சொல்லுகிறார்கள். இல்லை. ஆஸ்பத்திரிக்குள் உயிரோடு போனவர்கள் மூன்று பேர். வெளியே வந்தவர்கள் இரண்டு பேர்.